மரியம் கேட்காத சோறு

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு பெண்மீது பொறாமைப்பட்டேன். சாதாரணப் பொறாமை இல்லை, சாப்பாடு இறங்காத பொறாமை. அவள் என் வகுப்பில் படித்தவள் அல்ல, என்னைவிட நல்ல சப்பாத்துப் போட்டவளும் அல்ல. புர்க்கினா ஃபாசோ என்ற ஆபிரிக்க நாட்டிலிருந்து மூன்று கிழமைக்கு, சுவிஸில் நாங்கள் இருந்த ஷாஃப்ஹவுசனுக்கு வந்திருந்த சைக்கிள் திருத்துகிறவள். பெயர் மரியம்.

அப்பா அப்போது ஹோட்டல் குசினி வேலையை விட்டு ஒரு சைக்கிள் பட்டறையில் சேர்ந்திருந்தார். இங்குள்ள சனம் கழித்துவிடும் பழைய சைக்கிள்களைச் சேர்த்து, பெடலைக் கழற்றி, ஹாண்டிலைத் திருப்பிக் கட்டி, கொன்டெய்னரில் அடுக்கி ஆபிரிக்காவுக்கு அனுப்பும் பட்டறை அது. அங்கே போய் இறங்குவதைத் திருத்தி விற்று, மற்றப் பெண்களுக்கும் வேலை பழக்கி, தாங்களே ஒரு பட்டறையை நடத்திக்கொண்டிருந்த பதினொரு பெண்களில் மரியம் ஒருத்தி. இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தாள். அவளுக்குத் தெரிந்தது பிரெஞ்சு. அப்பாவுக்குத் தெரிந்தது தமிழும் குசினியில் பொறுக்கிய ஜெர்மனும். ஆனாலும் இரண்டு பேரும் காலையிலிருந்து பின்னேரம்வரை கையைக் காலை ஆட்டிக் கதைத்துக்கொண்டேயிருந்தார்கள்.

வீட்டில் அப்பா கதைக்கிற ஆளே இல்லை. அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரின் நாட்டைப் பற்றி ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேச வேண்டியிருந்தது. ஊரில் போர் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பாவிடம் கேட்டேன். "அதுகள் உனக்கு என்னத்துக்குப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு ரீவியைப் போட்டார். வேறு வழியில்லாமல் இணையத்தில் இலங்கை என்று தேடி, யானையையும் தேயிலையையும் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அப்பாவின் ஊரான யாழ்ப்பாணத்தில் இரண்டும் கிடையாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

அதற்கு அடுத்த மாதம்தான் மரியம் வந்தாள். ஒரு புதன்கிழமை, பிற்பகல் பள்ளிக்கூடம் இல்லாததால் பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ஒரு சின்ன ரேடியோவில் கொடுத்திருந்தார். மரியம் பெடலைக் கையால் சுற்றினாள். ரேடியோ கரகரத்து, பிறகு தெளிவாகக் காலநிலை சொன்னது. அவள் கை தட்டிச் சிரித்தாள்.

"கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. நாலு வருசம் நாங்கள் இப்பிடித்தான் நியூஸ் கேட்டது. ஒருத்தர் சுத்த, ஒழுங்கை முழுக்க நிண்டு கேட்கும்" என்றார் அப்பா. சொன்னது மரியத்திடம், தமிழில். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. எல்லாம் விளங்கிய நான் கதவடியில் புத்தகப்பையோடு நின்றேன். ஒட்டு இல்லாத நாளில் பழைய ரியூப்பை வெட்டி ஒட்டியது, நடக்க முடியாத ஆட்களைக் கரியரில் வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு உழக்கியது எல்லாவற்றையும் அவளுக்குச் செய்து காட்டினார். எனக்குக் கிடைத்தது யானை.

அதையாவது பொறுத்திருப்பேன். பட்டறையைப் பூட்டும்போது அவளைப் பார்த்து, "பிள்ளை, அந்தச் சாவியை எடு" என்றார். பிள்ளை என்று அப்பா கூப்பிடுவது என்னை. அவளும் தன் பெயரே அதுதான் என்பதுபோல் எடுத்துக் கொடுத்தாள். அன்று எரிந்த எரிச்சலுக்கு அளவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மரியத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பின்னேரம் அவளுக்குச் சூரிச் விமானநிலையத்துக்கு ரயில். அம்மா மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் சமைத்திருந்தார். மொழிபெயர்க்க நான். பிரெஞ்சில் ஆறுக்கு ஐந்தரை எடுத்தவள் என்று அப்பா அதற்கு முன்பே பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மரியம் கையைக் கழுவிவிட்டு வந்து, சோற்றைக் குழம்போடு பிசைந்து அழகாக உருட்டிச் சாப்பிட்டாள். நான் முள்ளுக்கரண்டியோடு இருந்தேன்.

"பார், அந்தப் பிள்ளை என்ன வடிவாய்ச் சாப்பிடுது" என்றார் அப்பா. நான் வேண்டுமென்றே கரண்டியைத் தட்டில் கிறீச்சென்று இழுத்தேன். அம்மா முறைத்தார்.

சாப்பாடு முடிகிற நேரம் மரியம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் சொன்னாள். "எங்கள் பெண்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். இங்கிருந்து ஒருவரை இரண்டு மாதத்துக்குக் கூப்பிடலாம். யாரைக் கூப்பிடுவது என்பது எங்கள் முடிவு, இங்குள்ளவர்களின் முடிவு அல்ல. எங்களுக்கு உன் அப்பா வேண்டும். சாமான் இல்லாமல் வேலை செய்ய அவருக்குத்தான் தெரிகிறது. வருவாரா என்று கேள்."

முதல் தடவையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. ஐந்தரை சும்மா வரவில்லை.

அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம் பிள்ளை?"

இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் பதினொரு பேருக்கும் ரேடியோ கதை சொல்லுவார். பதினொரு பேரையும் பிள்ளை என்பார்.

"இன்னும் கொஞ்சம் சோறு வேணுமாம்" என்றேன்.

அப்பா மரியத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எழும்பி, தானே சட்டியை எடுத்து வந்து இரண்டு அகப்பை போட்டார். மரியம் சோற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்பாவுக்கு இங்கே நிறைய வேலை. வர முடியாதாம். மன்னிக்கட்டாம்" என்று பிரெஞ்சில் சொன்னேன். பிழையே இல்லாத பிரெஞ்சு. அவள் மெல்லத் தலையாட்டினாள். அந்த இரண்டு அகப்பைச் சோற்றையும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். அம்மாவுக்கு ஒரே சந்தோசம்.

ரயிலடிக்கு நானும் அப்பாவும் போனோம். மரியம் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து நன்றி சொன்னாள். அப்பா கையை விடாமல் கொஞ்சம் கூடுதலாகவே நின்றார். கதவு மூடி ரயில் போன பிறகும் அங்கேயே நின்றார். பிறகு படியிறங்கி வரும்போது கேட்டார்.

"பிள்ளை, அவ வேற ஏதும் கேட்டவவோ?"

"இல்லையப்பா. சோறு மட்டும்தான்."

"ஓமோ" என்றார். சற்றுத் தூரம் போய், "நல்லாய்ச் சாப்பிட்டா, என்ன" என்றார். பஸ்ஸில் என்னைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த உற்சாகத்தில் வீடுவரை பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொன்னேன். அவர் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அந்தப் பெண்கள் வேறொருவரை, லுசேர்ண் பக்கத்து ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

மிச்சத்தை அம்மா எனக்குச் சொன்னது நான் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ஏதோ பேச்சோடு பேச்சாக. மரியம் சாப்பிட வந்த அன்று காலையில் அப்பா குசினிக்கு வந்து, "ரெண்டு மாசம் நான் இல்லாட்டி வீட்டைச் சமாளிப்பீரோ?" என்று கேட்டாராம். அந்தப் பெண்கள் இங்கிருந்து யாரையோ கூப்பிடப் போகிறார்கள் என்று பட்டறையில் கதை அடிபட்டதாம். தன்னைக் கேட்டாலும் கேட்பார்கள் என்றாராம். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வேலை தாருங்கள் என்று அவர் போய்க் கேட்டதுதானே தவிர, நீங்கள்தான் வேண்டும் என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார் அம்மா.

நான் இன்னும் அப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. பலமுறை வாயெடுத்து விட்டுவிட்டேன். ரயிலடிப் படியில் அவர் என்னிடம் கேட்டது மரியத்தைப் பற்றி என்றுதான் அன்று நான் நினைத்தேன். அவர் தன்னைப் பற்றிக் கேட்டார்.