கயிற்றுக்கு மேலே ஒரு போர்வை

அண்ணனைப் பற்றி எழுதுவதற்கு முன் என்னைப் பற்றிய ஓர் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அண்ணி சொல்லிவிடுவார். அவர் சொன்னால் இன்னும் விரிவாக இருக்கும்.

என் மகள் கயல்விழி குடும்பத்தோடு கனடாவுக்குப் போன முதல் பனிக்காலத்தில், அவளுடைய இரண்டரை வயதுக் குழந்தைக்காக நான் பாரிமுனையில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மெத்தையைச் சுருட்டிக் கை வைத்துத் தைத்ததுபோல ஒரு குளிர் ஜாக்கெட்டை வாங்கி அனுப்பினேன். அதோடு நின்றிருக்கலாம். அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டு, "தாத்தாவின் அணைப்பு கடல் கடக்கிறது" என்று ஒரு வரியும் எழுதினேன். நாற்பது வருடமாகப் புத்தகம் படிக்கிறவன் எழுதிய வரி அது. நிறையப் பேர் இதயம் போட்டார்கள். அந்த அணைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை எனக்குப் புரியவைத்தவர், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற என் அண்ணன்.

அண்ணன் பிறந்தது தண்டையார்பேட்டையில், குழாயடிக்கு எதிரில் இருந்த ஒற்றை அறை வீட்டில். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். அவர் முதுகு ஒடிந்து படுக்கையில் விழுந்தபோது அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஆறு. அடுத்த வாரமே அண்ணன் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு தார்ப்பாய்க் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது, கிழிந்ததை ஒட்டுப்போடுவது, சரக்கின் மேல் போர்த்திக் கட்டிவிடுவது, இவைதான் வேலை. கடைசிவரை அவர் வேறு வேலை பார்க்கவில்லை.

என்னைப் படிக்க வைத்தவர் அவர். என் கல்லூரிப் புத்தகங்களுக்கெல்லாம் தார்ப்பாய்த் துண்டில் அட்டை போட்டுக் கொடுத்தார். அடை மழையிலும் என் புத்தகங்கள் மட்டும் நனையாது. வாசனை மட்டும் வகுப்பு முழுவதும் வரும். அந்த வாசனைக்காக அப்போது கூசியிருக்கிறேன் என்பதையும், அவமானங்களைச் சொல்ல உட்கார்ந்த இடத்திலேயே எழுதி வைக்கிறேன்.

அண்ணனின் வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. பெரும்பாலான இடங்களில் சரக்கின் மேல் பாயைப் போர்த்தி, அதன் மேல் ஒரே கயிற்றைப் போட்டு இறுக்கிவிடுவார்கள். அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார். முதலில் சரக்கை மட்டும் ஒரு கயிற்றால் வண்டியோடு சேர்த்துக் கட்டுவார். விரலால் அந்தக் கயிற்றைச் சுண்டிப் பார்ப்பார். சத்தம் திருப்தியாக வந்த பிறகுதான் பாய். பாய்க்குத் தனியாக வேறொரு கயிறு. டிரைவர்கள் பொறுமையிழந்து கத்துவார்கள்.

"இன்னா நைனா, நீ ரெண்டு கயிறு கட்டி முடிக்கசொல்ல சரக்கு அழுவிப் பூடும் போல கீதே!"

"அழுவட்டும். வுழாது."

அண்ணியைக் கைப்பிடித்த பிறகும் அவர் அப்படியேதான். அண்ணி வீட்டில் ரவிக்கை தைப்பவர். ஒரு வீட்டில் இரண்டு தையல் மிஷின், பிள்ளை இல்லை. நானும் என் மனைவியும் வேலைக்குப் போய்விடுவதால் கயல்விழி வளர்ந்ததெல்லாம் அந்த இரண்டு மிஷின்களுக்கு நடுவில்தான். அவளுக்குப் பெரியப்பா சொன்னால்தான் பொழுது விடியும்.

ஒரு நாள் மாலை, அண்ணன் வீட்டில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கயல் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலை. அழுதிருந்தாள். குழந்தைக் காப்பகத்தின் வாசலில், கார்களில் குழந்தைகளின் இருக்கைகளைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோதித்த பெண்மணி, குழந்தைக்கு நான் அனுப்பிய ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அதே அளவில் பெல்ட்டை மறுபடி மாட்டிக் காட்டினாராம். பெல்ட்டுக்கும் குழந்தையின் மார்புக்கும் நடுவில் ஒரு முஷ்டியே நுழைகிற இடைவெளி. இனிமேல் காரில் ஜாக்கெட் கூடாது என்று சொல்லிவிட்டார். ஜாக்கெட் இல்லாமல் உட்காரவைத்தால், சூடேறாத காரில் குழந்தை வீறிட்டு அழுகிறது. காப்பகத்துக்குப் போகாமலும் முடியாது, கயலுக்கு வேலை.

"எது பண்ணினாலும் தப்பா இருக்குப்பா," என்றாள்.

நான் உடனே அந்தப் பெண்மணிக்கு எதிராக வாதாடத் தொடங்கினேன். ஜாக்கெட் தடிமனாக இருந்தால் மோதும்போது மெத்தை மாதிரி இன்னும் பாதுகாப்புத்தானே என்றேன்.

"தம்பி," என்றார் அண்ணன். "கொஞ்ச நேரம் வாய மூடு."

"இல்லண்ணா, நான் இன்னா சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்லாத. கயலு, பாப்பா இன்னா வெயிட்டு?"

"பதிமூணு கிலோ, பெரியப்பா."

அண்ணன் எழுந்துபோய் அரிசியை அளந்து ஒரு சாக்கில் பதின்மூன்று கிலோ கட்டினார். அதைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார். மூட்டையின் முன்னால் அண்ணியின் தலையணை ஒன்றை வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கயிற்றால் இறுக்கினார். என்னைச் சுண்டிப் பார்க்கச் சொன்னார். கயிறு வீணைத் தந்தி மாதிரி நின்றது.

"டைட்டா கீதா?"

"கீதுண்ணா."

"இது உன் ஜாக்கெட்டு." தலையணையைக் காட்டினார். "வண்டி மோதசொல்ல இது அப்பளமா அமுங்கிடும். அமுங்கினா இன்னா ஆவும் பாரு." தலையணையை உருவினார். நாற்காலியைத் தூக்கி என் பக்கமாக ஒரு குலுக்குக் குலுக்கினார். பதின்மூன்று கிலோ அரிசி கயிற்றுக்குக் கீழே நழுவி வந்து என் மடியில் விழுந்தது. காபி என் சட்டையில்.

நான் சட்டையைத் துடைக்கவில்லை. மடியில் கிடந்த மூட்டையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அதன் கனம் அப்படியே பாப்பாவின் கனமாக இருந்தது. பனியைப் பார்த்திராத, சொந்தமாகக் காரே வைத்திராத ஒரு மனிதர், ஏழு கடலுக்கு அப்பால் நடக்கக்கூடியதை ஒரு நிமிடத்தில் என் மடியில் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

அன்றுதான் அவர் ஒரு பழைய கதையைச் சொன்னார். தொழிலுக்கு வந்த புதிதில், புதுப்பாயைக் கயிறு அறுக்காமலிருக்க, கயிற்றுக்கு அடியில் சாக்கை மடித்து வைத்துக் கட்டியிருக்கிறார். மணலி வளைவில் டிரைவர் பிரேக் போட்டபோது சாக்கு நழுவி, கயிறு தளர்ந்து, மூட்டைகள் சரிந்தன. மேலே உட்கார்ந்திருந்த லோடுமேன், அண்ணனின் சிநேகிதர், இடுப்பெலும்பு உடைந்து அதற்குப் பிறகு மூட்டை தூக்கவே இல்லை. ஞாயிறுதோறும் அண்ணன் வியாசர்பாடிக்கு யாரையோ பார்க்கப் போவார் என்று எனக்குத் தெரியும். யாரை, எதற்கு என்று ஐம்பது வருடத்தில் நான் கேட்டதில்லை.

"கயித்துக்கும் சரக்குக்கும் நடுவுல எதுவும் இருக்கக் கூடாது தம்பி. மெத்து மெத்துன்னு இருந்தாலும் கூடாது."

பிறகு கயலிடம் சொன்னார்: "நீ பெல்ட்ட ஒடம்போட சேத்துப் போடும்மா. குளுர நான் பாத்துக்கறேன்."

மறுநாள் வண்ணாரப்பேட்டையில், தமக்குப் பழக்கமான பாய் ஒருவரின் ஜவுளிக்கடைக்குப் போனார். நானும் போனேன். வெளியே வெயில் தலையைப் பிளந்துகொண்டிருந்தது. உள்ளே அண்ணன், இருப்பதிலேயே கதகதப்பான கம்பளித் துணியைக் கேட்டார். பாய் ஒரு நிமிடம் அண்ணனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நைனாவுக்கு காச்சலா?" என்று கேட்டார்.

அண்ணன் தைக்க நினைத்தது, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் ஒரு கம்பளிப் போர்வை. கயல் அதற்குப் 'போஞ்சோ' என்று பெயர் சொல்லியிருந்தாள். அண்ணன் வாயில் அது நுழையவில்லை. 'பாப்பாவோட பாய்' என்றுதான் கடைசிவரை சொன்னார். கழுத்துக்கு ஒரு வட்டத் திறப்பு, முன்னால் சின்ன ஜிப், தலைக்குத் தொப்பி, கை கிடையாது. குழந்தை அதைப் போட்டுக்கொண்டே காருக்கு நடந்து வரலாம். உட்கார்ந்ததும் முன்பக்கத்தைத் தூக்கி, உள்ளே பெல்ட்டை உடம்போடு ஒட்ட மாட்டிவிட்டு, மறுபடி மேலே இறக்கிவிட வேண்டும். பின்பக்கத்தை முதுகுக்கு அடியில் வைக்காமல் இருக்கைக்குப் பின்னால் எடுத்துப் போட்டுவிட வேண்டும். முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவிலும் எதுவும் கூடாது என்பதை அண்ணன் தாமாகவே கண்டுபிடித்தார். தொப்பியின் பின்புறத்தை மட்டும் ஒற்றைத் துணியாக வைத்தார். தலைக்குப் பின்னால் தடித்தால் கழுத்து முன்னால் மடங்கும் என்றார். தலை அளவை கயல் சொன்னாள். அதே சுற்றளவில் வீட்டில் இருந்தது சாம்பார் வாங்கப் போகும் எவர்சில்வர் தூக்கு. தொப்பி உருவானது அந்தத் தூக்கின் மேல்தான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு அவருடைய கை பழைய பழக்கத்தில் இரண்டு காரியம் செய்துவிட்டது. முதலாவது, ஓரம் முழுக்கப் பித்தளை வளையம் அடித்துக் கயிறு கோத்துவிட்டார். பாய் என்றால் அதற்கொரு கயிறு வேண்டுமே. இரண்டாவது, தைத்து முடித்ததும் நான்கு மூலையிலும் கட்டித் தொங்கவிட்டு நடுவில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கீழே குனிந்து எங்கே சொட்டுகிறது என்று பார்த்தார். எங்கும் சொட்டியது.

"யோவ்!" என்று அண்ணி உள்ளேயிருந்து ஓடிவந்தார். "அது லாரிக்கு இல்லய்யா, கொயந்தைக்கு! மழையிலயா படுக்க வெக்கப் போறாங்க?"

கம்பளித் துணி காய மூன்று நாள் ஆயிற்று. காய்ந்த பிறகு அதை அரிசி மூட்டைக்குப் போர்த்தி, வளையத்துக் கயிற்றை இழுத்துக் கட்டினார் அண்ணன். அழகாகத்தான் இருந்தது. நான் கைதட்டினேன். அவர் நகராமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்தார்.

"இன்னாண்ணா?"

"மூட்டைக்குக் கழுத்து இல்ல தம்பி. கொயந்தைக்குக் கீது."

கயிற்றை அறுத்தார். வளையங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஓட்டை விழுந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, புது ஓரத்தை இரட்டையாக மடித்துக் கனமாகத் தைத்தார். தன் கனத்திலேயே அது படிந்து நின்றது. அரைநூற்றாண்டாக இரண்டாவது கயிற்றுக்காக ஊரோடு சண்டை போட்டவர், அந்தக் கயிற்றை வேண்டாமென்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் ஒரு டீ ஆறும் நேரம். நானாக இருந்தால் என் கயிற்றுக்கு ஆதரவாக நான்கு மேற்கோள் தேடியிருப்பேன்.

கடைசியாகக் குளிர்ச் சோதனை. காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் போடும் கம்பெனியில் அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களோடு போனோம். ஒன்றைப் பழைய கம்பளியில் சுற்றினார், இன்னொன்றைப் பாப்பாவின் பாயில். ஐஸ் அறைத் தொழிலாளி ஒருவர் சிரித்துவிட்டார்.

"இன்னா நைனா, மீன் வெக்கிற எடத்துல வெந்நி வெச்சிகினு கீறே? வஞ்சரத்துக்குக் குளிக்க ஊத்தப் போறியா?"

"எங்க பாப்பா இம்மாம் குளுருலதான் தெனம் வெளிய போவுதுபா."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பாட்டில்களை எடுத்து அறையின் கோடி மூலைக்குக் கொண்டுபோனார். "அப்ப இங்க வெய்யி. இங்கதான் குளுரு ஜாஸ்தி."

ஒரு மணி நேரம் கழித்து எடுத்தபோது பழைய கம்பளி சுற்றிய பாட்டில் சில்லிட்டிருந்தது. மற்றதை அண்ணன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என் கன்னத்தில் வைத்தார். குடிக்கிற சூட்டில் இருந்தது.

பார்சல் போய்ச் சேர்ந்து மூன்று வாரம் கழிந்து கயல் கூப்பிட்டாள். உறைந்த சாலையில் ஒரு திருப்பத்தில் கார் வழுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பனிமேட்டில் போய் மோதியிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. பெல்ட் குழந்தையை இருந்த இடத்திலேயே பிடித்து வைத்திருந்தது. உதவிக்கு வண்டி வரும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்ததில், தொப்பிக்குள் பாப்பா தூங்கியே போய்விட்டாள். கயல் அழுதாள். நான் அழுதேன். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பெல்ட்டப் போட்டப்புறந்தானே போத்தின?"

"ஆமா பெரியப்பா. நீங்க தச்சதுதான் அவளக் காப்பாத்துச்சு."

"பெல்ட்டு காப்பாத்துச்சு. நான் தச்சது குறுக்க வராம இருந்துச்சு. அவ்ளோதான்."

அவருடைய வாழ்க்கையைப் பற்றி நான் எழுத நினைத்த பெரிய வாக்கியங்களையெல்லாம் அந்தப் பதில் வீணாக்கிவிட்டது. எங்களைத் தூக்கி நிறுத்திய மனிதர், எங்கள் யாருக்கும் குறுக்கே வராமலே அதைச் செய்திருக்கிறார். எப்படி என்று யோசித்தால் எனக்கு இன்னும் மலைப்புத்தான்.

தாரும் தூசும் தின்ற நுரையீரல் அந்த ஆண்டே அவரைப் படுக்கையில் தள்ளியது. மருத்துவமனையில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிய செவிலியரிடம், வாரை விரலால் சுண்டிக் காட்டி, "நர்சம்மா, லூசா கீது," என்றார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இறுக்கிவிட்டார். இரண்டாம் நாள் காலையில், அண்ணியின் கை அவர் கைமேல் இருக்கும்போதே, அறுபத்தைந்து வயதில் அண்ணன் எங்களை விட்டுப் போனார்.

அந்தச் செவிலியருக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த தெருக்காரர்களுக்கும், ஐஸ் கம்பெனித் தோழர்களுக்கும், ஜவுளிக்கடை பாய்க்கும், ஊன்றுகோலோடு வியாசர்பாடியிலிருந்து வந்து கடைசிவரை தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய சிநேகிதருக்கும், இறுதி ஊர்வலம் கடக்கும்வரை வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய லாரி டிரைவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. இந்த ஓராண்டில் அண்ணியைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்ட அண்டைவீட்டுப் பெண்களுக்கு நன்றி சொல்ல இந்த நினைவு மலர் போதாது, தனி மலரே போட வேண்டும்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கட்டுரையை அண்ணிக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீது தம்பி. பாப்பா வளந்துடுச்சாம், அடுத்த குளுருக்குப் பெரிசா ஒண்ணு வேணும்னு கயலு கேக்குது. எழுதினது போதும், வந்து இந்தத் துணி முனையப் புடி. இழுக்காத, சும்மா புடி. அதாவது வருமா உனுக்கு?"