பாலில் விட்ட அயிரை

கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளன் நான். மீன் வயிற்றைக் கீறிக் கீறியே என் கண் பூத்துப்போனது. இந்தக் கோடையில் பேராசிரியர் கொடுத்ததெல்லாம் வெள்ளாற்று மீன்கள். குடலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நீல நூல், பச்சை நூல். நைலான் வலையும் உரச்சாக்கும் இற்றுப்போய் மீன் குடலுக்குள் வந்து கிடக்கின்றன. வீட்டில் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

அந்த வாரம் எங்கள் ஊர்க் கண்மாய் வற்றி, ஊரே இறங்கி மீன் பிடித்தது. அன்றைக்குப் பிடித்த மீனை விற்கக் கூடாது. சொந்தபந்தத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டும். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. காலையிலேயே மச்சான் ஒரு வாளி அயிரையை உயிரோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகள் வாளியை விட்டு நகரவில்லை. எதைத் தின்றாலும் குமட்டி, மாதக்கணக்காக வாடிக்கிடந்த பிள்ளை அவள்.

அயிரையை நாங்கள் குடல் எடுக்காமல் முழுசாகத்தான் குழம்பு வைப்போம். அதனால்தான் மனைவியிடம் கேட்டேன்.

“பிளாஸ்டிக்கும் சேந்துல்ல உள்ள போகும்?”

“பால்ல விட்டா மண்ணையே கக்குது, இதக் கக்காதாக்கும்? போங்க அங்கிட்டு” என்று பாதி மீனைப் பாலில் விட்டாள்.

எனக்கும் ஒரு நப்பாசை. பாலில் கொஞ்ச நேரம் கிடந்ததில் பத்து மீனை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டேன். “நான் போன் பண்ற வரைக்கும் அடுப்புல ஏத்தாதீங்க” என்று சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்கு, கல்லூரிக்கு பஸ் ஏறினேன்.

ஆய்வகத்தில் கீறிப் பார்த்தேன். மீன்கள் மண்ணைச் சுத்தமாகக் கக்கியிருந்தன. நூல் மட்டும் குடல் மடிப்பில் சிக்கி அப்படியே இருந்தது. முதல் மீனிலேயே இருந்தது. நான்காவதோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

போனை மகள்தான் எடுத்தாள்.

“சாப்புட்டேன்ப்பா. பசி தாங்கல, நாந்தான் அம்மாவ வைக்கச் சொன்னேன். ரெண்டு தடவ சோறு போட்டுக்கிட்டேன், கொமட்டவே இல்ல.” பிறகு குரல் இறங்கியது. “எல்லாத்தையும் கக்கிருச்சுல்லப்பா?”

யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. தின்றதை இனி எடுக்கவா முடியும்?

“கக்கிருச்சுத்தா. சுத்தமா இருக்கு” என்றேன்.

“அப்ப நாளைக்கும் வைக்கச் சொல்றேன்ப்பா. பாதி மீனு இன்னும் வாளியில உசுரோட கெடக்கு” என்றாள்.