எடை போடாத பிள்ளை

ஒரு குழந்தை என் கண்ணெதிரே நிற்கும்போதே அந்த வீட்டில் குழந்தை இல்லை என்று எழுதினேன். தெரியாமல் செய்ததல்ல. அது யாருடைய குழந்தை என்று எனக்குத் தெரியும். அதன் கண்ணில் கோளாறு இருந்ததும் தெரியும். வண்டி காத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அப்போது திருச்சியில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாடு எவ்வளவு சம்பாதிக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள், அங்கே பிறக்கிற பிள்ளை எத்தனை காலம் உயிரோடு இருக்கும், எவ்வளவு படிக்கும், கௌரவமாக வாழ வழியிருக்கிறதா என்று பாருங்கள் என்று வகுப்பில் சொல்வேன். உருக்கமாகச் சொல்வேன். மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார்கள். அந்தப் பேச்சுத் திறமையால்தான் மாவட்டத்தின் மனித மேம்பாட்டு அறிக்கைக்கான கள ஆய்வு என் பொறுப்பில் வந்தது.

தேர்ந்தெடுத்த வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எடை போட்டு, கண்ணையும் நகத்தையும் பார்க்க வேண்டும். என்னோடு வந்த நர்ஸ் அம்மாவிடம் வைட்டமின் ஏ மருந்துக் குப்பி இருக்கும். தேவைப்படுகிற பிள்ளைக்கு அங்கேயே ஒரு வேளை கொடுத்து, புத்தூரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதித் தர வேண்டும். எடை போட ஒப்பவில்லை என்றால் மறுநாள் மறுபடி போய்ப் பொறுமையாகப் பேச வேண்டும். இந்த விதியை எழுதியவனே நான்தான்.

மண்ணச்சநல்லூரைத் தாண்டி ஒரு ஊர். அன்று அதுதான் கடைசி வீடு. ரைஸ்மில் களத்தில் நெல் காய வைக்கிற பெண் ஒருத்தி வாசலுக்கு வந்தாள். சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டதற்கு, "இல்லைங்க" என்றாள். அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு மூக்குக் குத்திய ஒரு பையன் நின்றான்.

"அப்ப இது?"

"அது எங்க புள்ள இல்லைங்க. பக்கத்து வீட்டு அக்கா புள்ள."

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தாள். "ஆமா சார், ஒரு முறம் தவிடு குடுத்து நான்தான் வாங்கினேன். இப்ப மில்லுல தவிடு விக்கிற வெலைக்கு வாங்கியிருந்தா கட்டுப்படியாகாது."

"திருப்பி விக்கிறதா இருந்தா சொல்லுங்க" என்றேன் நானும்.

"இந்த அழுமூஞ்சியையா? சும்மா குடுத்தாலும் ஒருத்தரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க சார்!"

இந்த வழக்கம் எனக்குப் புதிதல்ல. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோனால், அதற்குப் பின் பிறப்பதை அடுத்த வீட்டாருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அடையாளத்துக்கு மூக்கும் குத்திவிடுவார்கள். வாங்கியவர் பிள்ளை என்று பேர், வளர்வது பெற்றவளிடம். எமன் இந்த வீட்டில் தேடி ஏமாந்து போவானாம். என் சித்தப்பாவின் மூக்கிலேயே அந்தத் துளை இருந்தது. எடை போடலாமா என்று கேட்டதும் அந்தப் பெண் பதறிவிட்டாள்.

"வேணாங்க சாமி. எம் புள்ளயத் தராசுல தொங்க விடாதீங்க. கண்ணு பட்டுரும். ரெண்டு போயி இது ஒண்ணுதான் நிக்குது."

அவள் வாயிலிருந்தே உண்மை வந்துவிட்டது. அதற்குள் நர்ஸ் அம்மா பையன் முன் குந்தி அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்திருந்தார். என்னைத் தனியே அழைத்தார்.

"சார், கண்ணு வெள்ளையில நுரை படிஞ்ச மாதிரி இருக்கு. பொழுது சாஞ்சா தடுமாறுறானாம். நாளைக்கு வந்து பேசிப் பாப்போம்."

மறுநாள் அதிகாரிகளோடு ஒரு கூட்டம். அந்த ஊரை முடித்துவிட்டேன் என்று அங்கே சொல்ல ஆசைப்பட்டேன். "அவங்களே புள்ள இல்லைங்கிறாங்க. இல்லைன்னே போட்டுடலாம்" என்றேன்.

"அப்ப மருந்தை மட்டுமாவது குடுத்துட்டு வரேன் சார்." குப்பியின் மூடியைத் திறந்துவிட்டார்.

"எழுதாத புள்ளைக்குக் குடுத்தா குப்பிக் கணக்கு இடிக்கும்மா. வாங்க."

அவர் குப்பியைத் திருகி மூடினார். நம்பர் ஒன் டோல்கேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார். அறிக்கை நன்றாக வந்தது. மேடையில் சால்வை போட்டார்கள். ஒரு பிள்ளை விட்டுப்போனால் எந்தச் சராசரியும் அசையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்கூட.

ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். சென்ற ஆண்டு சில இளம் ஆய்வாளர்கள் அதே ஊர்களை மறுபடி அளக்கப் புறப்பட்டார்கள். ஒருநாள் கூட வரும்படி மரியாதைக்கு அழைத்தார்கள். போனேன். அதே வீடு, இப்போது மேலே கான்கிரீட். அந்தப் பெண்ணுக்குத் தலை நரைத்திருந்தது. மில்லிலிருந்து வந்த இளைஞனின் மூக்கில் அந்தப் பழைய துளை, புருவமெல்லாம் தவிட்டுத் தூசி. இடது கண் பாலாடை படிந்ததுபோல் வெளுத்திருந்தது.

"மூட்டை தூக்குறேன். லாரி ஓட்டணும்னுதான் ஆசை. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டுப் போனா யாரு லைசென்ஸ் குடுப்பா?" என்று ஆய்வாளப் பெண்ணிடம் சொன்னான்.

தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்க எடை போட வந்தீங்கள்ல, அந்த வருசந்தாங்க. தை மாசம் தட்டம்மை போட்டுச்சு. கண்ணை ஆத்தா எடுத்துக்கிட்டா. நல்லவேளை, அன்னிக்கு உங்களைத் தராசுல போட விடல. உசுராவது தங்குச்சு."

அதற்குப் பிறகு வீட்டில் என்னால் உட்கார முடியவில்லை. சாப்பாட்டின் நடுவே எழுந்துவிடுவேன். உத்திர வீதியைச் சுற்றி வருவேன், வந்த களைப்பு தீருமுன் மறுபடி செருப்பைத் தேடுவேன். இரண்டு முறை மண்ணச்சநல்லூர் பஸ்ஸில் ஏறி, டோல்கேட்டிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை போய்ச் சேர்ந்தேன். தாயையும் மகனையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மகனின் வெளுத்த கண்ணைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அன்னிக்கு எடை போட விட்டிருந்தா மருந்து குடுத்திருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"விடாட்டியும் குடுத்திருக்கணும்மா. நான்தான் தடுத்தேன்."

நான் சொன்னது அவளுக்கு ஏறவில்லை. "நாந்தானே புள்ள இல்லைன்னேன்" என்றாள். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மகன் என்னைத் தெருமுனைவரை கொண்டுவந்து விட்டான். "எதுக்கு சார் இப்ப வந்து சொல்றீங்க? உங்க பாரத்தை எறக்க எங்க வீடுதான் கெடச்சுதா?"

அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி மன்றாடினேன். அம்மாவுக்காக வந்தான். வைட்டமின் ஏ குறைந்த உடம்பில் தட்டம்மை வந்து கண் உள்ளேயே வற்றிப்போய்விட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை, நல்ல கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அவன் சொன்னான்: "வருசா வருசம் சமயபுரத்துக்குக் கண்மலர் வாங்கிட்டுப் போகும் சார் எங்கம்மா. இந்த வருசம் போகல. 'நானே கெடுத்துட்டு ஆத்தா மேல பழி போட்டேனே'ங்குது. சோறும் சரியா எறங்கல."

ஆய்வுக் குழுவிடம் போனேன். எந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று சொன்னாலும், அங்கே நிற்கிற பிள்ளை எங்கே சாப்பிட்டு எங்கே தூங்குகிறது என்று கேளுங்கள், மருந்தை முதலில் கொடுங்கள், எழுதுவது பிறகு ஆகட்டும் என்றேன். "இப்பல்லாம் யாரு சார் தவிட்டுக்கு விக்கிறா?" என்று சிரித்தார்கள். சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அடுத்த சுற்றுக்கான கையேடு அச்சாகி வந்தபோது நீளம் கருதி அது விடப்பட்டிருந்தது.

அந்தத் தாய் தன் மேல் போட்டுக்கொண்ட பழியை இறக்க எனக்குத் தோன்றிய ஒரே வழி நர்ஸ் அம்மா. ஓய்வு பெற்றுக் காட்டூரில் இருந்தார். போய் நின்றதும், "அந்த மூக்குக் குத்தின பையன்தானே?" என்றார். வேறு எதுவும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. என்னோடு வந்து அந்தத் தாயிடம் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி கேட்டேன். வந்தார்.

"இங்க பாரும்மா. நீ எடை போட வேண்டாம்னே. மருந்து வேண்டாம்னா சொன்னே? குப்பி என் கையில இருந்துச்சு. திறந்துட்டேன். இவர் வேண்டாம்னாரு. நானும் மூடிட்டேன். எனக்கு வேலை போயிருமோன்னு பயம். இவருக்கு அந்தப் பயம்கூடக் கிடையாது."

அந்தப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு மெலிந்த உடம்பிலிருந்து அப்படியொரு குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. "தவிட்டுக்கு வித்த புள்ளன்னு தெரிஞ்சுக்கிட்டே இல்லைன்னு எழுதினியா? படிச்ச மனுசன்தானேய்யா நீ? போ. என் வாசல்ல நிக்காத." அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். நான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். நர்ஸ் அம்மா அங்கேயே தங்கிவிட்டார், அடுத்த பஸ்ஸுக்கும் வரவில்லை.

நான் அந்த ஊருக்குப் போவதில்லை. நர்ஸ் அம்மா மட்டும் அவ்வப்போது போய் வருகிறார். வந்ததும் எனக்குப் போன் செய்வார்.

"இன்னிக்கு உங்களைத் திட்டினாங்க சார்."

"நல்லாத் திட்டினாங்களா?"

"நல்லாவே. திட்டிட்டுச் சாப்பிட்டாங்க."

சில நாள் வேறு மாதிரி சொல்வார். "இன்னிக்கு உங்க பேச்சே இல்ல சார். தன்னையேதான் திட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க." அந்த நாட்களில் போனை வைத்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன். எங்கே என்று வீட்டில் கேட்பார்கள். சொல்லத் தெரிவதில்லை.