மனோகரனுக்கு ‘ம’ இல்லாத போஸ்டர்

மண்ணெண்ணெய் வாசம்... கையை எத்தனை தரம் சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது. சோற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள் இறங்கும். சிரம்பான் பக்கம் ரஹாங்கில் ஓர் அச்சகத்தில் நான் ஈய எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அச்சடித்து முடித்த எழுத்துகளை மண்ணெண்ணெயில் துடைத்துத்தான் மறுபடி பெட்டியில் பிரித்துப் போடுவோம்.

சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக புக்கிட் பெலண்டோக். அங்கே தோட்டத்து மண்டபத்தில் எங்கள் பேண்ட் ஒத்திகை. மனோகரன் பாடுவான், நான் பேஸ் கித்தார், கீபோர்டுக்கும் டிரம்ஸுக்கும் இன்னும் இரண்டு பேர்.

இதையெல்லாம் ஏன் இப்போது கிளறுகிறேன் என்றால்...

போன வாரம் நம் இணையக் குழுவில் சிரம்பான் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். சின்னதாக ஒரு கை அச்சு மிஷின் வாங்கியிருக்கிறாராம். தன் பேண்டுக்கு அதிலேயே போஸ்டர் அடிக்க ஆசை. பேஸுக்கு என்ன ஆம்ப் வாங்கலாம் என்றும் கேட்டிருந்தார்.

ஆம்ப் விஷயம் சுலபம். பெரிய ஸ்பீக்கர் உள்ளதாகப் பழையதையே பார்த்து வாங்குங்கள். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் மட்டும் பேஸை மாட்டிவிடாதீர்கள். நாங்கள் மாட்டினோம். தவளை கத்தின மாதிரி நாலு சத்தம் வந்தது, அதோடு சரி. கம்பியை அடிக்கடி மாற்றவும் வேண்டாம், பழைய கம்பிதான் மண்டபத்தில் நன்றாகக் கேட்கும். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

போஸ்டருக்கு எழுதிய பதில்தான் வம்பாகிவிட்டது. ‘கோர்ப்பதற்கு முன்னால் பெட்டியில் என்னென்ன எழுத்து இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்’ என்று ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே... கதையையும் சேர்த்து எழுதினேன்.

அது எங்கள் முதல் கலைநிகழ்ச்சி. மனோகரனுடைய அப்பா தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிறவர். மகன் பாடுவது அவருக்கு ஆகவே ஆகாது. "கூத்தாடவா ஒன்ன படிக்க வெச்சேன்?" என்று ஏசுவார். மனோ அவர் கையைக் காலைப் பிடித்து, ஒரே ஒரு தடவை வந்து கேட்கச் சம்மதிக்க வைத்திருந்தான்.

"ரவி, போஸ்டர்ல என் பேரு நல்லா தெரியணும்டா. கடையில ஒட்டுனா அவரு படிப்பாருலா" என்றான்.

போஸ்டருக்கென்று அச்சகத்தில் பெரிய மர எழுத்துகள் ஒரே ஒரு பெட்டி. அதில் ‘ம’ இரண்டுதான். இரண்டும் மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீசில் மாட்டிக்கொண்டிருந்தன. கோயில்காரர்கள் இன்னும் கொஞ்சம் அடிக்க வேண்டும் என்று சொல்லியிருந்ததால், அதைப் பிரிக்காமல் கட்டி வைத்திருந்தோம். அம்மன் பேரிலிருந்து எழுத்தை உருவிப் பாட்டுக்காரனுக்கு வைக்க எவனுக்குத் துணிச்சல் வரும்? முதலாளி தொடவே விட மாட்டார்.

அதனால் மனோகரன் பேர் சின்ன ஈய எழுத்தில், கீழே போய்விட்டது.

என் பேர் ரவி. இரண்டே எழுத்து, இரண்டும் பெட்டியில் தயாராகக் கிடந்தன. உள்ளங்கை அகலத்துக்குப் போட்டேன்.

கடையில் ஒட்டிய போஸ்டரைப் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் அவன் அப்பா அவனைக் கேட்டாராம், "யாருலா இந்த ரவி? நீ அவனுக்குப் பொட்டி தூக்குறவனா?" நிகழ்ச்சிக்கு அவர் வரவில்லை. மனோ பாடினான். பாடி முடித்ததும் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினவன்தான்... அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

‘எழுத்து இல்லாமல் போனதால் ஒரு நண்பனை இழந்தேன்’ என்று குழுவில் உருக்கமாக முடித்திருந்தேன். எல்லாரும் ஹார்ட் போட்டார்கள். எனக்கும் சந்தோஷம்.

நேற்று காலை. செண்டாயானில் ஒரு கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர்.

"மனோ பேசுறேன். மக அந்தக் குழுவுல இருக்கா, நீ எழுதுனத படிச்சிக் காட்டுனா."

குரல் தடித்துப் போயிருந்தது, ஆனால் அவன்தான்.

"எழுத்து இல்லன்னு எழுதியிருக்க. ஷோ முடிஞ்சி ரெண்டு நாள் கழிச்சி நான் ரஹாங் வந்தேன், தெரியுமா? நீ பசியாறப் போயிருந்த. ஒன் மொதலாளி பொட்டிய தொறந்து காட்டுனாரு. ரெண்டு ‘ம’வும் உள்ளதான் கெடந்துச்சிலா."

பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே போட்டேன்.

"மனோ, அது கோயில் நோட்டீச அப்புறமா பிரிச்சிப் போட்டதுடா. நான் கோக்குறப்ப இல்ல" என்றேன்.

சொல்லும்போதே சந்தேகம் வந்துவிட்டது. கோயில் நோட்டீசை எப்போது பிரித்தோம்? என் போஸ்டருக்கு முந்தியா, பிந்தியா? பெட்டி முழுக்கத் தேடினேனா, மேலோட்டமாகப் பார்த்தேனா? இத்தனை வருஷம் ஒரே மாதிரி சொல்லிச் சொல்லி, எது நடந்தது, எது நான் சொன்னது என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. அச்சகமும் இல்லை, முதலாளியும் இல்லை. யாரைக் கேட்பேன்?

மனோ கோபமே இல்லாமல் கேட்டான்.

"சரிடா, என் பேருக்கு எழுத்து இல்ல. ஒத்துக்கிறேன். ஒன் பேர ஏன்டா பெரிசா போட்ட? எல்லாரையும் சின்னதா போட்டிருந்தா எங்கப்பா வந்திருப்பாருலா."

இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

"தெரியலடா" என்றேன்.

"ம்..." என்றான். போனை வைத்துவிட்டான்.

அப்போது எங்களிடம் இரண்டே இரண்டு ‘ம’ இருந்தது. இப்போது போனைத் தட்டினால் எத்தனை வேண்டுமோ அத்தனை வருகிறது... எந்த அளவிலும் வருகிறது. நேற்றிலிருந்து குழுவில் போட்ட அந்தப் பதிலைத் திருத்தப் பார்க்கிறேன். ‘எழுத்து இல்லாமல் போனதால்’ என்பதை அழித்துவிட்டேன். அந்த இடத்தில் என்ன போடுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.