மாப்பிள்ளையாக வந்த கத்தி

எனக்கு மாப்பிள்ளையாக முதலில் வந்தது ஒரு கத்திதான். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் அன்றைக்கு மணையில் உட்கார்ந்துகொண்டே சிரித்தவள்தான்.

ஜப்பான்காரன் காலம். செமிலிங் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். பால்மரம் சீவுகிற வேலை நின்றுபோய், எல்லாருடைய கத்திகளையும் வாங்கி ஸ்டோரில் போட்டுப் பூட்டிவிட்டு, ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்து மரவள்ளி போடச் சொல்லியிருந்தார்கள். அரிசி இல்லை, துணி இல்லை, சாக்கைத் தைத்து உடுத்தியவர்கள் உண்டு. ஆனாலும் எனக்குப் பத்தொன்பது வயது. வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டும் ஒருத்தி சந்தோஷமாக இருக்க முடியும் என்று அந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

காரணம், பெரிய கங்காணியின் மகன். சண்டைக்கு முன்னால், மரப்பட்டையில் காயம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நான் சீவும் மர வரிசைக்கு, என் நிரைக்கு வருவார், ஒவ்வொரு மரமாகப் பார்ப்பார். ஒரு காயமும் இராது. மறுநாளும் வருவார். என் மரங்களை அத்தனை அக்கறையாகப் பார்த்த ஆள் அந்தத் தோட்டத்திலேயே வேறு யாரும் இல்லை.

அவருடைய அப்பாவுக்குத் தாம் ஜமீன் வம்சம் என்று நினைப்பு. எந்த ஜமீன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் ஊரைச் சொல்வார். மேட்டில் தனி வீடு, மீசை, கைத்தடி. நாங்களோ கீழே லயத்து வரிசை வீடுகளில், சுவர் ஓரம் தண்ணீர் ஒழுகும் கடைசி வீடு. சாதாரண நாளாக இருந்தால் மகனுக்குப் பெண் ஊரிலிருந்து கப்பலில் வந்திருக்கும். கப்பல்தான் ஓடவில்லையே. அதற்குள் சயாமுக்கு ரயில் போட ஆள் பிடிக்கிறார்கள், கல்யாணம் ஆகாத பிள்ளைகளை முதலில் கொண்டுபோகிறார்கள் என்று பேச்சு பரவியது. உடனே கல்யாணம் செய்துகொள் என்றார் கங்காணி. கட்டினால் கடைசி வீட்டுப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்றார் மகன்.

கங்காணி இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் என் அப்பாவைக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை சொன்னார். அவர்கள் வம்சத்து ஆண் தன்னைவிடத் தாழ்ந்த வீட்டில் பெண் எடுத்தால், அந்த வாசலுக்கு அவன் வரமாட்டான். அவனுக்குப் பதில் அவனுடைய கட்டாரி வரும். அதைப் பெண் பக்கத்தில் வைப்பார்கள், மாப்பிள்ளையின் அக்காள் தாலியைக் கட்டுவாள், பிறகு பெண் நடந்து மேட்டுக்குப் போக வேண்டும். கட்டாரிக் கல்யாணம் என்று பெயர்.

என் அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நூறு மரத்துக்கு என்னைத் தேடி வந்தவர் ஒரு வாசலுக்கு வரமாட்டாரா? அவரிடம் நேரில் கேட்கவும் வழி இல்லை, நிச்சயம் ஆன பெண் வெளியே போகக் கூடாது என்று அம்மா கதவடியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் வந்து கட்டினால்தான் கட்டிக்கொள்வது என்று மனசுக்குள் முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

கல்யாணக் காலை லயமே பளிச்சென்று இருந்தது. கடலோரத் தஞ்சோங் டாவாயிலிருந்து யாரோ சைக்கிளில் மீன் கொண்டுவந்திருந்தார்கள். மரவள்ளியை அரிசி அளவுக்கு நறுக்கி, அதையே சோறு என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சந்தோஷத்தில் நினைத்துக்கொண்டோம். தாலிக்குத் தங்கம் இல்லை, மஞ்சள் கிழங்குதான். தவில் இல்லை, மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினார்கள். பிரமாதமாகத்தான் இருந்தது.

மேட்டிலிருந்து கங்காணி முன்னே வர, தாம்பாளத்தில் சிவப்புப் பட்டு சுற்றிய கத்தியும் வந்தது. கட்டாரி இல்லை. ஆயுதம் வைத்திருந்தால் தலை போகும் என்று ஜப்பான்காரன் சொன்ன அன்றே அதை எங்கேயோ புதைத்துவிட்டாராம். அதற்குப் பதில் ஸ்டோரிலிருந்து ஒரு பால்மரக் கத்தியை எடுத்துவரச் செய்து, அது தெரியாமல் இருக்கப் பட்டுத் துணியைச் சுற்றியிருந்தார். என் பக்கத்து மணையில் வைத்தார்கள். கோபத்தில் மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்போமே என்று பட்டுத் துணியை இழுத்தேன்.

பிடியில் நீலச் சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது. பிடி வெடித்தபோது நான் என் கையால் சுற்றியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"மாமா, இது என் கத்தி. என்னை எனக்கே கட்டி வைக்கிறீங்களா?" என்றேன். அவரை மாமா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

டின் தட்டியவன் நிறுத்திவிட்டான். கங்காணியின் மீசை அசைந்தது. ஸ்டோருக்குப் போய் வேறு கத்தி கொண்டுவா என்றார். அடுத்த வீட்டு அக்காள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அங்க உள்ளது எல்லாத்துக்கும் ஆள் இருக்குலா, கங்காணி ஐயா. என் புருசன் கத்திய எடுத்துட்டு வந்துடாதீங்க," என்றாள்.

அவ்வளவுதான். லயம் முழுக்கச் சிரித்தது. என் அம்மா சிரித்தாள், தாலி கட்ட வந்த அக்காளும் சிரித்தாள். கங்காணி எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு, "போய் அவனையே வரச் சொல்லு," என்றார்.

கூப்பிடப் போனவர் மேடு ஏறவே வேண்டியிருக்கவில்லை. குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியில் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார் மாப்பிள்ளை. எங்கள் வாசலுக்கு வந்தார், குனிந்து உள்ளே நுழைந்தார், தாலியைத் தானே கட்டினார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு இன்றைக்கும் குறைவில்லை.

ஒரு வாரம் கழித்து மரவள்ளிக் காட்டில் இரண்டு பேரும் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தோம். கூடை கூடையாகக் கிடந்த கத்திகளில் என்னுடையது எப்படி உங்கள் அப்பா கைக்கு வந்தது, நல்ல வேளை என்றேன்.

"எடுத்துட்டு வான்னு அவர் அனுப்புனது என்னைத்தான்," என்றார் மண்ணைப் பார்த்துக்கொண்டே. "முதல் நாள் காலையில தொடங்கி மத்தியானம் வரைக்கும் அந்த நீலத் துணியத் தேடினேன். அப்பாவ எதிர்த்துப் பேச எனக்குத் தைரியம் இல்ல. உனக்கு இருக்குன்னு தெரியும்."