கிளியின் கோணல் மூக்கு

போன வாரம் ஸ்கூடாயில் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். கடைவாய்ப் பல் ஒன்று உடைந்துவிட்டது. முறுக்கு கடித்து உடைந்தது என்றால் இந்த வயதில் முறுக்கு தேவையா என்பார்கள். அதனால் தானாகவே உடைந்தது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் சின்னப் பெண். தற்காலிகப் பல் செய்வதற்காக ஒரு குட்டிக் கிண்ணத்தில் பொடியையும் ஏதோ திரவத்தையும் குழைத்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி சிரித்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

“ஆன்ட்டி, வலிக்குதா?” என்று பதறிப்போனாள்.

வலிக்கவில்லையம்மா, எங்கள் வீட்டு ஹால் வாசனை அடிக்கிறது என்று சொல்ல நினைத்தேன். வாயிலிருந்து வந்தது ‘ஆ’ மட்டும்தான்.

அது பிளாஸ்டிக் பசையின் வாசனை. ஒரு மழைக்காலம் முழுவதும் ஜொகூரின் தம்போயில், தாமான் என்கிற குடியிருப்பில் இருந்த எங்கள் வீட்டில் அந்த வாசனைதான். சாம்பாரில்கூட அடிக்கிறது என்று அம்மா புலம்புவார். காரணம் என் அண்ணன் பாலா. கொஞ்சம் நானும்.

கைப்பேசி யாரிடமும் இல்லாத காலம் அது. பாலா அண்ணன் தினமும் மோட்டார்சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போய் வந்தான். நான் சின்ன எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை ஒன்றில், பூதக்கண்ணாடி விளக்கின் கீழே உட்கார்ந்து நாள் முழுக்க வயர்களைச் சோல்டர் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். ஷிப்டுக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ். அப்பாவின் பஸ்ஸை மாட்டுவண்டி முந்தும் என்று அந்தப் பெண்கள் என்னிடமே சொல்வார்கள். ஆனால் அதில் தூங்கிக்கொண்டு போகலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பிறந்த பிள்ளைக்கு டிராக் ரேஸ் பைத்தியம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நேரான பாதையில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு பச்சையானதும் பறக்கும். கால் மைலை முதலில் கடந்தவர் ஜெயித்தவர். தும்மிவிட்டு நிமிர்வதற்குள் முடிந்துவிடும்.

“கால் மைலு போறதுக்கு என்னத்துக்குடா இவ்ளோ அவசரம்? நடந்தே போலாம்லா,” என்பார் அப்பா.

அண்ணனிடம் பழைய ஜப்பான் கார் ஒன்று இருந்தது. இரண்டு கதவு. பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாய்களால் கூண்டு கட்டி, பின்னால் குண்டு டயர் மாட்டியிருந்தான். உடம்பெல்லாம் பச்சை, முன்பக்கம் மட்டும் சிவப்பு. தாமானில் எல்லோரும் அதைக் கிளி என்றார்கள். அப்பா மட்டும் ‘அந்தச் சனியன்’ என்பார். அனுமதி வாங்கி நடத்தும் பந்தயங்களில்தான் அண்ணன் ஓட்டுவான். பாசிர் கூடாங் பக்கம் ஒருமுறை ஜெயித்து, தகரக் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்தான். அம்மா அதில் கறிவேப்பிலை போட்டு வைத்தார்.

ஆனால் அவனைக் கீழே தள்ளியது கிளி அல்ல, மோட்டார்சைக்கிள். வேலை முடிந்து திரும்பும்போது பாலத்துக்குப் பக்கத்தில் மழையில் சறுக்கி விழுந்தான். காலில் இரண்டு இடத்தில் முறிவு. அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, அப்பா பொந்தியானிலிருந்து ஒரு பட்டறைக்காரரை வரவழைத்துக் கிளியை விற்றுவிட்டார். உதிரி உதிரியாகக் கழற்றி விற்பதற்காகவே வாங்கும் ஆள். விழுந்தது இந்த வண்டியில் இல்லையே என்று அம்மா கேட்டதற்கு, “எல்லாம் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அன்றைக்கு வெகு நேரம் குளித்தார்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அண்ணன் காலியாகக் கிடந்த போர்ச்சைப் பார்த்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு பேரும் ஒரே ஹாலில் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான்.

“மருந்து சாப்பிட்டானான்னு கேளு.”

“சாப்பிட்டாச்சுன்னு சொல்லு.”

தொழிற்சாலையில் வயரைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் நானே வயராக இருக்க வேண்டியிருந்தது.

இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் ஜொகூர் பாரு டவுனுக்குப் போனேன். ஒரு காம்ப்ளெக்ஸின் மேல்மாடியில், தையல்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவே லிம் அங்கிள் வைத்திருந்த பொம்மைக் கார் கடை. பொம்மை என்று அவரிடம் சொல்லக்கூடாது. ‘மாடல்’ என்று திருத்துவார். கிளியின் சாயலில் ஒன்றைத் தேடியெடுத்தேன். நிஜக் காரில் இருபத்து நாலில் ஒரு பங்கு. துண்டு துண்டாகப் பெட்டியில் இருக்கும், நாம்தான் ஒட்ட வேண்டும்.

அண்ணன் பெட்டியைத் திறந்தே பார்க்கவில்லை. “நான் என்ன சின்னப் புள்ளையா?” என்று நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டான்.

மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. “ஸ்டீயரிங் தப்பான பக்கத்துல இருக்கு,” என்றான், நான்தான் அமெரிக்காவில் உட்கார்ந்து மாற்றி வைத்தது போல. அது அமெரிக்கர்களுக்கான கிட், ஸ்டீயரிங் இடப்பக்கம். அதற்கடுத்த நாள் சின்ன ரம்பத்தால் டேஷ்போர்டை அறுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் பின்சக்கரத்துக்கு மேலே குடைந்தான், குண்டு டயர் உள்ளே போக வேண்டுமே. அறுப்பது, குடைவது எல்லாம் அவனுக்கு நன்றாக வந்தது. கப்பலுக்கு வெல்டிங் வைத்த விரல்கள் அரிசியளவு துண்டைப் பிடிக்க மறுத்தபோதுதான் என்னைக் கூப்பிட்டான்.

“தங்கச்சி, கொஞ்சம் இத புடி.”

அந்தக் ‘கொஞ்சம்’ இரண்டு மாதம் நீண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரைக்குப் போகலாம் என்று கூப்பிட்ட தோழிகளை எல்லாம் விட்டுவிட்டு, தரையில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்திருந்தேன். பாகங்கள் கோத்திருந்த பிளாஸ்டிக் குச்சிகளை நெருப்பில் காட்டி இழுத்தால் நூல் மாதிரி நீளும். அதை வளைத்துத்தான் உள்கூண்டு கட்டினோம். முதல் நாள் மெழுகுவத்தி கிடைக்காமல் சாமி விளக்கில் காட்டிவிட்டேன். “அலமாக்! முருகனுக்கு பிளாஸ்டிக் பொகையா?” என்று அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். இன்ஜினுக்கு வேண்டிய வயரைத் தொழிற்சாலைக் கழிவுக் கூடையிலிருந்து எடுத்துக்கொள்ள எங்கள் லைன் லீடர் காக் யாவிடம் கேட்டேன். காருக்கு என்றதும், இந்த முடி மாதிரி வயரை வைத்து எந்தக் கார் ஓடும் என்று அவர் சந்தேகமாகப் பார்த்தார். ஒருநாள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும்வரை பிரியவில்லை. அப்பாவின் பஸ்ஸில்தான் நானும் போவேன்; ஏறும்போது அவர் அதைப் பார்த்தார்.

பெயிண்ட் அடித்த கதை தனி. ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடிக்கக்கூடாது என்று லிம் அங்கிள் தலைதலையாக அடித்துக்கொண்டார். ஜொகூரில் ஈரமில்லாத காற்றுக்கு எங்கே போவது? மழை வரப்போகும் ஒரு மதியம் அவசரப்பட்டு அடித்தேன். காய்ந்ததும் கிளி அரிசி மாவில் புரட்டிய வாழைக்காய் மாதிரி வெளுத்துப்போனது. நான் அழுதேவிட்டேன். அண்ணன்தான் எல்லாவற்றையும் தேய்த்தெடுத்தான். நல்ல வெயிலுக்காகக் காத்திருந்து, அம்மாவின் அப்பளத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து மறுபடி அடித்தோம். இந்த முறை பளபளத்தது. கூரையில் மட்டும் ஒரு கொசு வந்து ஒட்டிக்கொண்டது.

“டிராக் காருல பாசெஞ்சர் ஏத்தக்கூடாதுலா,” என்று அதை எடுத்துப்போட்டான். விழுந்த பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

பிறகு வந்தது மூக்கு. பச்சையை டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் சிவப்பு அடிக்க வேண்டும். சிவப்பு எங்கே முடிந்து பச்சை எங்கே தொடங்கியது? போட்டோவைப் பார்க்கலாம் என்றால், ஒவ்வொன்றிலும் அண்ணனின் கூட்டாளி எவனாவது பானெட்மேல் ஏறி உட்கார்ந்து, சரியாக அந்த இடத்தை மறைத்திருந்தான். முன்விளக்குக்கு மேலே என்றேன் நான். கீழே என்றான் அவன். உன் காரையே உனக்குத் தெரியவில்லை என்று நான் சொல்ல, சண்டை முற்றியது.

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“வலது பக்கம் வெளக்குக்கு மேல ஏறும். இடது பக்கம் எறங்கும். டேப் ஒட்டுறப்ப மழ வந்துச்சு, அவசரத்துல கோணலா ஒட்டிட்டான்.”

பேப்பர் இறங்கவில்லை. அடுப்படியில் சட்டிச் சத்தம் நின்றது. அண்ணன் கையிலிருந்த டேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன், சேதியைக் கடத்த. அவன் என்னைப் பார்க்கவில்லை.

“எவ்ளோ ஏறும்ப்பா?”

அப்பா எழுந்து வந்தார். முட்டி வலியோடு எங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கட்டைவிரல் நகத்தால் அந்தக் குட்டிப் பானெட்டில் ஒரு கோடு இழுத்தார். நல்ல கோணல் கோடு. அதன்மேல் நான் டேப்பை ஒட்டினேன். மூச்சுவிட்டால் நகர்ந்துவிடுமோ என்று மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அவர் அந்தக் காரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன்.

லிம் அங்கிளின் தூண்டுதலில், அதே காம்ப்ளெக்ஸில் நடந்த மாடல் போட்டியில் கிளியை வைத்தோம். அண்ணனால் டாக்சியில் காலை மடக்கி உட்கார முடியாது. அப்பா பஸ் முதலாளியான தவுக்கேயிடம் கேட்டுக் கம்பெனி பஸ்ஸையே எடுத்துவிட்டார். அத்தனை பெரிய பஸ்ஸில் நாங்கள் நான்கு பேர். என் மடியில் கேக் பெட்டிக்குள் கிளி. அது குலுங்கக்கூடாது என்று அப்பா வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். சைக்கிள்காரர் ஒருவர் எங்களைத் தாண்டிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

நடுவராக வந்தவர் சின்ன டார்ச் அடித்து ஒவ்வொரு காராகக் குனிந்து பார்த்தார். எங்களுடையதில் ஸ்டீயரிங்கை மெச்சினார். இன்ஜின் வயரைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு மூக்குக்கு வந்தார். வேலை அழகு, பாவம், கோடு கோணலாகிவிட்டது, அதற்குப் புள்ளி குறையும் என்று மலாயில் சொன்னார்.

“மெமாங் செங்கெட்!”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அது கோணலாகத்தான் இருக்கும் என்று அப்பா கத்திக்கொண்டிருந்தார். ஸ்கூல் மீட்டிங்கில்கூடக் கடைசி வரிசையில் உட்காருகிற மனிதர். நிஜக் காரே கோணல்தான், நேராக அடித்திருந்தால்தான் தப்பு, தன் மகன் ஓட்டிய காரைப் பற்றித் தன்னைவிட யாருக்குத் தெரியும் என்று விரலை நீட்டி நீட்டிப் பேசினார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் ஊன்றுகோலில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரிப்புத் தண்ணீர் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. நடுவர் அப்பாவிடம் கைகுலுக்கிவிட்டுப் போனார்.

திரும்பும்போது அண்ணன் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கட்டுப்போட்ட காலை நடைபாதையில் நீட்டி உட்கார்ந்திருந்தான். சிக்னலில் நின்றபோது அப்பா கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

“நீ கோப்ப வாங்குன அன்னிக்கு நானும் வந்திருந்தேன்டா. பின்னால நின்னேன்.”

“ஓவர்டைம்னு சொன்னீங்க?”

“பொய். வெளக்கு பச்சையானதும் பயத்துல கண்ண மூடிக்கிட்டேன். தொறந்தா முடிஞ்சு போச்சு. நீ ஓட்டி நான் பாக்கவே இல்ல.”

சிக்னல் மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அண்ணன் கையை நீட்டி அப்பாவின் தோளில் வைத்தான். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

கிளியை அப்பா பஸ் டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டார். ஏறும் பெண்களிடமெல்லாம் “எம் பசங்க செஞ்சது” என்பார். ஜொகூர் வெயில் சும்மா விடுமா? கொஞ்ச நாளில் கூரை தொய்ந்து, டயர் உருகி, கிளி நனைந்த கோழி போல ஆகிவிட்டது. அப்படியும் அவர் எடுக்கவில்லை. கம்பெனி அந்த பஸ்ஸை விற்றபோது பிள்ளையாரை மட்டும்தான் கழற்ற முடிந்தது; கிளி டேஷ்போர்டோடு உருகி ஒட்டிப்போயிருந்தது.

லிம் அங்கிளின் கடை போய்விட்டது, அந்தக் காம்ப்ளெக்ஸும் போய்விட்டது. என் தொழிற்சாலை வேறு நாட்டுக்கு மாறிவிட்டது. காக் யா இப்போது எங்கே இருக்கிறாரோ. அண்ணன் கெலாங் பாத்தாவில் சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். லேசாக நொண்டுவான், மழை வந்தால் கொஞ்சம் அதிகமாக. அம்மா அவனோடு இருக்கிறார். அப்பா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

சென்ற மாதம் அண்ணன் செய்து கொடுத்த ஒரு வீட்டுக் கேட் சரியில்லை என்று வாடிக்கையாளர் ஒருவர் சத்தம் போட்டாராம். போனில் சொன்னான். இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீசிலும் அதே வாரம் நான் செய்த வேலையில் ஒருவர் குறை கண்டுபிடித்திருந்தார். இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம், சிரித்தோம். இப்போதெல்லாம் யாராவது எங்கள் வேலையைக் கோணல் என்று சொன்னால், நாங்களே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.