றெஜினா மிஸியும் பின்சில்லுக் காரும்

செய்தி வந்தபோது நான் வகுப்பில் நின்றேன். எட்டாம் வகுப்புக்குக் கரும்பலகையில் வட்டம் கீறிக்கொண்டிருந்தேன். மருந்துச்சாலைக் கந்தையா அண்ணை சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு யன்னலடிக்கு வந்தார். "மாஸ்ரர், எங்கடை மிஸி விடியப்புறம் கண்ணை மூடீட்டா. இருதயமாம்," என்றார். நான் திரும்பி அந்த வட்டத்தைக் கீறி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

மிஸியை அறியாதவர்கள் புத்தூரில் இல்லை. இந்த நினைவு மலர் வேறு ஊருக்கும் போகலாம் என்பதால் சொல்கிறேன். குருநகரில் கடற்றொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவிச்சியாக எங்கள் ஊருக்கு வந்தார், வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஊர்ப் பிள்ளைகளில் அரைவாசிப் பேரை முதன்முதலில் தொட்ட கை அவருடையது. அந்தப் பிள்ளைகளின் குழப்படியைப் பள்ளிக்கூடத்தில் தாங்கியவன் நான். அதனால் எங்கள் இருவருக்கும் கதைக்க எப்போதும் விடயம் இருந்தது.

கார் என் அண்ணருடையது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டன் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனார். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, நிலத்தோடு ஒட்டின பந்தயக் கார். அதில் இருந்தால் வேலியோரப் புல்லும் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும். பின்சில்லுகள் தள்ளும், முன்சில்லுகள் வழி காட்டும். இரண்டும் ஒத்துப்போகும்வரை சுகம். முடக்கில் ஆக்சிலேற்றரைக் கூடுதலாக அமத்தினால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு நம்மை முந்தப் பார்க்கும். முதல் கிழமையே நான் அதை ஒரு வெங்காயத் தோட்டத்துக்குள் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். தோட்டக்காரர் என்னை ஏசவில்லை, சிரித்தார். அதுதான் கூடுதலாகச் சுட்டது.

பிறகு போர் வந்து, தடையில் பெற்றோல் நின்றது. ஊரிலுள்ள கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். வெள்ளைப் புகை, குசினி அடுப்பு மணம், ஏலாத இழுவை. ஆக்சிலேற்றரை அடிமட்டும் அமத்தினாலும் எஞ்சின் யோசித்து யோசித்துத்தான் எழும்பும். நாளடைவில் ஊரில் ஓடுகிற நிலையில் மிஞ்சியது எங்கள் கார் ஒன்றுதான். கர்ப்பிணிகளை அதில்தான் பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

ஒருநாள் மிஸி வாசலில் வந்து நின்றார். "மாஸ்ரர், எனக்குக் கார் பழக்கிவிடுங்கோ."

"ஏன் மிஸி? நான்தானே ஓடுறன்."

"உதிலை ரெண்டு பேருக்குத்தான் இடம். நீங்கள் ஓடினா நான் எங்கை இருக்கிறது, உங்கடை மடியிலேயோ? வழியிலை பிள்ளை பிறந்தா நீங்கள் என்ன செய்வியள், வாய்ப்பாடு சொல்லுவியளோ? நான் ஓடினா நீங்கள் வீட்டிலை இருந்து செபம் பண்ணலாம்."

நான் சைவக்காரன், செபம் தெரியாது என்றேன். தேவாரம் எண்டாலும் போதும் என்றார். அடுத்த நாளே தொடங்கினோம்.

வல்லைத் தரவையில், முதல் மழை விழுந்து நிலம் வழுக்கத் தொடங்கிய நாட்களில், பின்னேரங்களில் பழகினோம். எழுத உட்கார்ந்தால் அந்தப் பின்னேரங்கள்தான் முதலில் வருகின்றன. எல்லை தெரியாத வெளி, கணுக்கால் தண்ணீரில் நிற்கும் கொக்குகள், நாங்கள் விட்ட வெள்ளைப் புகை கலைய மனமில்லாமல் எங்களுக்குப் பின்னால் தொங்கும். தூரத்தில் குண்டுச் சத்தம் கேட்டாலும் அது வேறு ஏதோ நாட்டில் என்று நினைக்கத் தோன்றும். ஓலைக் கடகப் பெட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்து, அவற்றுக்கு இடையால் வளைத்து ஓடச் சொல்வேன். வேண்டுமென்றே வழுக்க விட்டுத் திருத்தச் சொல்வேன். "வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கமே ஸ்ரியறிங்கைத் திருப்புங்கோ. பிறேக்கைத் தொடாதேங்கோ. காலை மெல்ல எடுங்கோ. கண் போகவேண்டிய இடத்தைப் பாக்கட்டும்." கார் முழுவட்டம் சுற்றும். நான் கதவைப் பிடித்துக்கொள்வேன். அவர் வாய்விட்டுச் சிரிப்பார். "மாஸ்ரர், நாங்கள் சும்மா இருக்கிறம், உலகந்தான் சுத்துது!" அந்த வெளியில் அது உண்மை போலவே இருந்தது.

ஒரு மாதத்தில் என்னைவிட நன்றாக ஓட்டினார். பிரசவம் பார்த்த கை, அவசரப்படத் தெரியாது. "தலை திரும்பாட்டிப் பிடிச்சு இழுக்கக்கூடாது, திரும்பும் மட்டும் காத்திருக்கவேணும்," என்பார். காரைச் சொல்கிறாரா பிள்ளையைச் சொல்கிறாரா என்று கேட்டால், "ரெண்டும் ஒண்டுதான்," என்பார். அடுத்த மாரி வருமுன் பதினொரு பெண்களைக் கொண்டுபோனார். ஒரு கீறல் விழவில்லை.

இனி எழுதப்போவது உங்களில் ஒருவருக்கும் தெரியாதது.

மாரி மழை கொட்டிய ஒரு காலையில் பூமணி என்ற பெண்ணைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். இரத்தம் போய்க்கொண்டிருந்தது. மிஸியின் முகத்தில் சிரிப்பைக் காணவில்லை. தாங்கியில் கொஞ்ச மண்ணெண்ணெய்தான் கிடந்தது. என்னிடம் நெல்லுப் பெட்டிக்குள் புதைத்து வைத்த இரண்டு போத்தல் பெற்றோல் இருந்தது. ஒரு சொட்டும் இல்லை என்று ஊர் முழுக்கச் சத்தியம் பண்ணியிருந்தேன். வீட்டில் யாருக்காவது ஒன்று நடந்தால் உதவும் என்று ஒளித்தது. அந்தப் பெண்ணைப் பார்த்ததும் மனம் பொறுக்கவில்லை. ஒருவரும் காணாமல் இரண்டு போத்தலையும் தாங்கியில் ஊற்றினேன். மிஸியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒளித்தவன் என்று ஆகிவிடும், அந்த வெட்கம்.

மிஸி பூமணியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மண்ணெண்ணெய்க்குப் பழகிய கால் அவருடையது. வல்லை வெளியில், இரண்டு பக்கமும் வெள்ளம் நின்ற தெருவில், வழக்கம்போல அடிமட்டும் அமத்தியிருக்கிறார். கார் யோசிக்கவில்லை, பாய்ந்தது. பின்சில்லுகள் ஈரத்தில் கழன்று, கார் சுற்றி, வந்த பக்கம் பார்த்து நின்றது. தெருவை விட்டு ஒரு முழம்கூட இறங்கவில்லை. எதிரே வந்த உழவு இயந்திரக்காரர் அவ்வளவையும் கண்டார். மிஸி காரைத் திருப்பி, காலை இறகுபோல வைத்து, பருத்தித்துறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பூமணி பிழைத்தாள், மகளும் பிழைத்தாள்.

ஆனால் கதை அவருக்கு முன்னமே ஊருக்கு வந்துவிட்டது. "பொம்பிளையிட்டைக் காரைக் குடுத்தா உப்பிடித்தான்," என்றார்கள். சனசமூக நிலையத்தில் கூட்டம் போட்டு, இனி மிஸி ஓடக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் பின்வரிசை வாங்கில் ஒன்றில் இருந்தேன்.

கூட்டத்துக்கு முதல்நாள் மிஸி என்னிடம் வந்திருந்தார். "பெற்றோல்தானே, மாஸ்ரர்?"

"ஓம்."

"புகை மணக்கேல்லை. அப்பவே விளங்கீட்டுது."

"நாளைக்குக் கூட்டத்திலை சொல்லுறன்."

"சொல்லாதேங்கோ. பெற்றோல் ஒளிச்சதெண்டு தெரிஞ்சா இயக்கக்காரர் உங்களைப் பிடிச்சுக் கொண்டுபோவினம். எனக்கு ரெண்டு ஏச்சோடை முடிஞ்சுபோம்." வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆனா இனிமேல் எனக்குச் சொல்லாமல் நல்லது செய்யாதேங்கோ."

இரண்டு ஏச்சோடு முடியவில்லை. பிறகு காரை நான்தான் ஓட்டினேன். பக்கத்து இருக்கையில் நோவோடு ஒரு பெண். இரண்டு பேருக்குத்தானே இடம்? மிஸி வெள்ளைச் சேலையைச் செருகிக்கொண்டு சைக்கிளில் பின்னால் வருவார், பத்துப் பன்னிரண்டு மைல், வல்லைக் காற்றுக்கு எதிராக. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளைப் புகைக்குள் அவர் சிறுத்துச் சிறுத்து மறைவது தெரியும். ஒவ்வொரு முறையும் நிறுத்தி இறங்கிச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் ஆக்சிலேற்றரை அமத்தினேன். இரண்டு வருடம் அப்படி ஓடினேன். அந்த இருதயம் எதனால் களைத்தது என்று எந்த டொக்டரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை.

செத்தவீட்டிலும் ஒருவர் என் காதுபட, "நல்ல மனிசி, கார் ஓட்டந்தான் சரிவரேல்லை," என்றார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களே, அன்று அந்தக் கார் சுற்றியது என்னால். சுற்றியும் மூன்று உயிர் தெருவிலேயே நின்றது மிஸியால். ஆளுக்கொரு நினைவை அவரிடமிருந்து எடுத்துவைத்திருப்பீர்கள். எனக்காக அவர் சுமந்த கெட்ட பெயரை நான் எடுத்துக்கொள்கிறேன். தயவுசெய்து இனி அதை என் பெயரோடு சேர்த்துச் சொல்லுங்கள்.